குழாய்க்குள் ஒரு கதவு

அன்றும் மோட்டார் இரண்டாவது முறை கிளம்பவில்லை.

அப்பா பச்சைப் பொத்தானை அழுத்தினார். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது. அறை விளக்கு மங்கியது. சில நொடிகளில் சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் "டப்" என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றும் இல்லை.

மாடிப்படி வழியாக ஒரு குரல் இறங்கி வந்தது.

"தண்ணி என்னாச்சு? தலை பூரா சோப்பு!"

நாலாம் மாடி அத்தையின் குரல். அந்தக் குரலுக்கு மின்சாரம் தேவையில்லை. ஆறு மாடிக்கும் கேட்கும்.

"இதோ வருதும்மா," என்றார் அப்பா, மேலே பார்க்காமலே.

பெட்டியில் இருந்த சின்ன நீலப் பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி பச்சையை அழுத்தினார். ம்ம்ம். டப்.

"கண்ணு எரியுது!" என்றது மாடிப்படி.

நட்டு கடைசிப் படியில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் கீழே கிடக்கிற நட்டு, போல்ட்டையெல்லாம் பொறுக்கி டப்பாவில் சேர்த்து வைக்கிற பெண்ணை அந்தக் கட்டடத்தில் யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

மோட்டார் அறையின் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. மோட்டார் ஓடும்போது அவள் அதைத் தாண்டக் கூடாது. அப்பாவின் சட்டம். அறையில் இன்னொரு சட்டமும் இருந்தது. அது அப்பாவுக்கானது. மோட்டாருக்கு எதிர்ச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே ஒட்டியிருந்தது.

"மோட்டார் விதி. பதினைந்து நிமிடம் ஓட்டம். அரை நிமிடம் ஓய்வு. பிறகு மீண்டும் ஓட்டம். மனிதர்களைப் போலவே மோட்டாரும் களைத்துப்போகும். இப்படிக்கு, செயலாளர்."

காலையில் முதல் பதினைந்து நிமிடம் மோட்டார் ஒழுங்காக ஓடும். அரை நிமிட ஓய்வுக்குப் பிறகுதான் வம்பு. மூன்று வாரமாக இதே கதை.

"அப்பா, அந்தப் பெட்டி எதுக்கு டப்புனு நிக்குது?"

"மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுக்குது. விட்டா எரிஞ்சு போயிடும். அதுக்கு முன்னாடி பெட்டி நிறுத்திடுது."

"அப்ப பெட்டி நல்லதுதான் பண்ணுது."

"ம்."

"மோட்டார் எதுக்கு அவ்வளவு இழுக்குது?"

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அப்பா தேவையானதை மட்டும் பேசினார். தேவையானதும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

*

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது செயலாளர் மோட்டார் அறை வாசலில் நின்றிருந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒரு தாள்.

அவரைப் பிள்ளைகள் நோட்டீஸ் மாமா என்பார்கள், அவருக்குக் கேட்காத தூரத்தில். கட்டடத்தின் எல்லாச் சுவரிலும் அவர் எழுத்து இருந்தது. மாடிப்படியில் பந்து உருட்டக் கூடாது. மொட்டை மாடியில் கத்தக் கூடாது. நோட்டீஸைக் கிழிக்கக் கூடாது.

"ரெண்டாவது மாடியில ஒரு வாளித் தண்ணி இல்லப்பா," என்றார் நோட்டீஸ் மாமா. "ஆபீஸ் போறவங்க மூஞ்சி கழுவாமப் போறாங்க. நான் யாருக்குன்னு பதில் சொல்றது?"

"பாக்குறேன் சார்."

"மூணு வாரமா பாக்குறே. அந்தப் பெட்டியில ஒரு திருகு இருக்காமே? அதைக் கொஞ்சம் கூட்டி வெச்சா நிக்காதாமே?"

"நிக்காது சார். மோட்டார் எரிஞ்சிடும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்கே."

அப்பா தரையைப் பார்த்தார்.

நோட்டீஸ் மாமா குரலைத் தாழ்த்தினார். "உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா உன் மனசு வேலையில இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் தடுத்துப் பாத்தேன். நாளைக்கு எலக்ட்ரீஷியன் வருவான். அவனும் கையை விரிச்சா, ஞாயித்துக்கிழமை வேற ஆள் வந்துடுவான். அறையையும் அவனுக்குத்தான் குடுக்கணும்."

அறை என்றால் நட்டுவின் வீடு. மோட்டார் அறைக்கு அடுத்து, மாடிப்படிக்கு அடியில். ஒரே ஓர் அறை. கூரை ஒரு பக்கம் படிப்படியாகச் சரிந்து வரும். அம்மா அந்தச் சரிவுக்குக் கீழேதான் கட்டிலில் படுத்திருந்தாள், கடைசி வரைக்கும்.

நோட்டீஸ் மாமா போகும்போது நட்டுவைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். பிறகு குடையை விரித்தார். உள்ளே நிற்கிறோம் என்பதை மறந்துவிட்டிருந்தார். குடை கதவில் மாட்டிக்கொண்டது.

மற்ற நாளாக இருந்தால் நட்டு சிரித்திருப்பாள்.

*

மறுநாள் சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்தார். இளைஞர். காதில் ஒரு பென்சில், கையில் கனமான பை.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மோட்டாரின் தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தார். தடையில்லாமல் சுற்றியது. பேரிங்கில் காதை வைத்துக் கேட்டார். மின்கம்பிகளை இழுத்துப் பார்த்தார். சுவிட்சைப் போட்டு, "அழுத்துங்கண்ணே," என்றார்.

அப்பா பச்சையை அழுத்தினார். மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது.

மூன்று ஃபேஸிலும் கரண்ட் எவ்வளவு போகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்றும் சமமாக இருந்தன. பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சிவப்பை அழுத்தி நிறுத்தினார்.

"மோட்டார் தங்கம் மாதிரி இருக்குண்ணே. ஒரு குறையும் இல்ல."

"காலையில நிக்குதே தம்பி."

எலக்ட்ரீஷியன் பையை மூடினார். காதில் இருந்த பென்சிலைத் தேடி, கிடைத்ததும் அதை மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார்.

"மெஷின் நல்லா இருந்தா, கோளாறு கையிலதான் இருக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க. தூக்கம் சரியா இல்லேன்னா கை தடுமாறும்."

அப்பா தன் கையைப் பார்த்தார்.

"எங்கப்பா கை தடுமாறாது," என்றாள் நட்டு.

"நட்டு, உள்ள போ," என்றார் அப்பா.

அவள் போனாள். அறைக்குள் சுவர் ஓரமாக உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். கூரையின் சரிவுக்குக் கீழே கட்டில் காலியாக இருந்தது. அலமாரியில் மூன்று டம்ளர்கள். அவற்றில் ஒன்று நான்கு மாதமாகக் கவிழ்ந்தே இருந்தது.

எலக்ட்ரீஷியன் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பா சாயங்காலத் தண்ணீருக்காக மோட்டாரைப் போட்டார். நடுச்சுவர் அதிர்ந்தது. டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று உரசி, கிணு கிணு என்றன. அது பழகிய சத்தம். மோட்டார் ஓடினால் டம்ளர் பாடும். நின்றால் டம்ளரும் நிற்கும்.

பதினைந்து நிமிடம் ஆயிற்று. மோட்டார் நின்றது. டம்ளர்களும் நின்றன.

பிறகு, மெதுவாக, டம்ளர்கள் மறுபடி பாடத் தொடங்கின.

நட்டு நிமிர்ந்தாள். மோட்டார் ஓடவில்லை. அது ஓடினால் எப்படிக் கத்தும் என்று அவளுக்குத் தெரியும். இப்போது கேட்டது வேறு. யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவதுபோல, சுவருக்குள் "ஊ..." என்று ஒரு சத்தம். அது ஏறிக்கொண்டே போனது.

அடுத்து ம்ம்ம். டப்.

மேலே நாலாம் மாடி அத்தை எதையோ சொன்னாள்.

நட்டு டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கரும்பலகைக்குக் கீழே கிடந்த ஒரு சாக்பீஸ் துண்டை டீச்சரிடம் கேட்டு வாங்கி வந்தாள்.

மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்பு வட்டு ஒன்று உண்டு. மோட்டார் சுற்றினால் அந்த வட்டு சுற்றும், அதனால் பம்பும் சுற்றும்.

"அப்பா, அந்த வட்டுல ஒரு கோடு போடணும்."

"எதுக்கு?"

"பாக்கணும்."

அப்பா ஒரு கணம் அவளைப் பார்த்தார். மெயின் சுவிட்சை இறக்கினார். சுவிட்ச் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார். நட்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் வட்டில் தடிமனாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள். திரும்பி வந்து கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்தாள்.

மோட்டாரின் முதுகில் சிவப்பு வண்ணத்தில் ஓர் அம்புக்குறி இருந்தது. மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டும் அம்பு. அது வலது பக்கம் பார்த்தது.

அப்பா மோட்டாரைப் போட்டார். வெள்ளைக் கோடு மறைந்துபோனது. அவ்வளவு வேகம்.

பதினைந்து நிமிடம் கழித்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அழுத்திய கையோடு, எப்போதும்போல, மோட்டாருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். முப்பது நொடி எண்ண வேண்டுமே.

நட்டு வட்டைப் பார்த்தாள். வேகம் குறைந்தது. வெள்ளைக் கோடு கண்ணுக்குத் தெரிந்தது. வலது பக்கமாக ஒரு சுற்று. இன்னும் ஒரு சுற்று. மெதுவாக அரைச் சுற்று. நின்றது.

நின்ற கோடு, அசைந்தது. இடது பக்கமாக.

ஒரு சுற்று. இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. "ஊ..." என்று சத்தம் ஏறியது. வட்டு அம்புக்குறிக்கு நேர் எதிராக வேகம் பிடித்து ஓடியது.

"அப்பா, அழுத்தாதீங்க!"

பச்சைப் பொத்தானுக்குப் போன கை நின்றது.

"திரும்பிப் பாருங்க."

அப்பா திரும்பினார். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் மாறவில்லை. பிறகு மெதுவாக மோட்டாருக்குப் பக்கத்தில் போய்ப் பம்பிலிருந்து மாடிக்கு ஏறும் பெரிய குழாயில் உள்ளங்கையை வைத்தார்.

"தண்ணி இறங்குது," என்றார். "மேல போன தண்ணி திரும்பிக் கீழ வருது. பம்பைப் பின்பக்கமாச் சுத்துது."

"அப்ப நீங்க பச்சையை அழுத்தினா?"

"அது ஒரு பக்கம் தள்ளும். தண்ணி ஒரு பக்கம் தள்ளும்." அப்பா நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அதான் முக்குது. அதான் அவ்வளவு இழுக்குது."

குழாயில் இருந்த தண்ணீர் தீரத் தீர வட்டின் வேகம் தானாகக் குறைந்தது. நட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நூற்றுப் பத்து எண்ணியபோது வெள்ளைக் கோடு அசையாமல் நின்றது.

"இப்ப அழுத்துங்க."

அப்பா அழுத்தினார். மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது.

அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்தார். கடிகாரம். அதன் கீழே மோட்டார் விதி.

"நான் கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்," என்றார்.

நட்டுவுக்கு அப்போது இன்னொன்று ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் மோட்டாரை நிறுத்தினால் குழாய்க்குள் "டொக்" என்று ஒரு சத்தம் வரும். படுத்த படுக்கையாக இருந்த அம்மா அதைக் கேட்டுக் கண்ணைத் திறப்பாள்.

"குழாய்க்குள்ள ஒருத்தர் இருக்காரு நட்டு. வேலை முடிஞ்சிடுச்சுல்ல? கதவைச் சாத்திட்டாரு."

"படுத்துக்கிட்டாரு," என்று நட்டு முடித்து வைப்பாள். தினமும் காலையிலும் சாயங்காலமும் இந்த இரண்டு வரியும் நடக்கும்.

அம்மா போன பிறகு நட்டு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஒருநாள் அது இல்லை என்று தெரிந்தபோது, அம்மாவோடு அவரும் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அதில் ஆச்சரியமாக எதுவும் தோன்றவில்லை. அந்த வீட்டில் நிறையச் சத்தங்கள் போய்விட்டிருந்தன.

"அப்பா, அந்தக் குழாய்ல கதவு மாதிரி ஏதாவது இருக்கா? தண்ணி திரும்பி வராம இருக்க?"

அப்பா அவளை வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கு," என்றார்.

*

சனிக்கிழமை காலை நோட்டீஸ் மாமா வந்தார். கையில் தாள், வாயில் நாலு குண்டூசி. ஞாயிறு முதல் புதிய பம்ப் ஆள் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. நட்டு தலைகீழாகவே படித்துவிட்டாள்.

"மாமா, ஒரே ஒரு நிமிஷம் உள்ள வரீங்களா?"

"எதுக்கு?" குண்டூசியோடு பேசியதால் அது வேறு ஏதோ போலக் கேட்டது.

"மோட்டார் நிக்கப்போகுது. அரை நிமிஷம் எண்ணணும்."

"அதுக்குத்தான் கடிகாரம் இருக்கே."

"இன்னிக்கு ஒரு நாள் நான் கடிகாரத்தைப் பாத்துக்கிறேன். நீங்க மோட்டாரைப் பாருங்க."

நோட்டீஸ் மாமா மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். அப்பா சிவப்பை அழுத்தினார். நட்டு சொன்னபடியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நொடிகளை எண்ணினாள்.

"...பத்து... பதினொண்ணு..."

"ஏய்," என்றார் நோட்டீஸ் மாமா.

"...பதினேழு..."

"ஏய், இது ரிவர்ஸ்ல போகுது!" ஒரு குண்டூசி தரையில் விழுந்தது.

"...முப்பது. இப்ப அப்பா பச்சையை அழுத்தணும் மாமா. உங்க விதிப்படி."

நோட்டீஸ் மாமா பின்பக்கமாகச் சீறிக்கொண்டு ஓடும் வட்டைப் பார்த்தார். கடிகாரத்துக்குக் கீழே இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். மற்ற குண்டூசிகளையும் வாயிலிருந்து எடுத்தார்.

"வேணாம்," என்றார். "அழுத்த வேணாம்."

அவரே எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தார்.

எலக்ட்ரீஷியன் நனைந்துகொண்டே வந்தார். வந்ததும் வட்டைப் பார்த்து, "அன்னிக்கு நான் ஒரு தடவைதான் ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன்," என்றார். "உடனே ரெண்டாவது தடவை போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பெரிய குழாயில், பம்புக்கு மேலே ஒரு முழம் தள்ளி, வீங்கியதுபோல ஓர் இரும்பு உருண்டை இருந்தது. அதன் மூடியைக் கழற்றினார். கையை உள்ளே விட்டுத் துழாவினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டத் தகடு வெளியே வந்தது.

"இதான் கதவு. ஒருவழி வால்வுன்னு பேரு. மேல போற தண்ணிக்குத் திறக்கும், திரும்பி வர்ற தண்ணிக்கு மூடிக்கும். கீல் தேஞ்சு கழண்டு கீழ கிடக்கு."

அதை அவர் நட்டுவின் கையில் வைத்தார். கனமாக, ஜில்லென்று இருந்தது.

"யாரு கண்டுபிடிச்சது? அண்ணனா?"

"டம்ளர்," என்றாள் நட்டு.

எலக்ட்ரீஷியனுக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

புது வால்வு வாங்கி வந்து மாட்ட மத்தியானம் ஆகிவிட்டது. போகும்போது எலக்ட்ரீஷியன் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, கையில கோளாறுன்னு சொன்னேன். தப்பு."

"விடு தம்பி."

நோட்டீஸ் மாமா கனைத்துக்கொண்டார். "இந்த ஓய்வு விஷயம்... மோட்டார் களைச்சுப் போகாதா?"

"களைக்காது சார்," என்றார் எலக்ட்ரீஷியன். "இது பாட்டுக்கு மணிக்கணக்கா ஓடும். ஓடுறதுல ஒரு கஷ்டமும் இல்ல. கிளம்புறதுதான் கஷ்டம்."

அப்பா அதைக் கேட்டு மெல்லத் தலையை ஆட்டினார்.

நோட்டீஸ் மாமா கடிகாரத்துக்குக் கீழே போய் நின்றார். கொஞ்ச நேரம் தன் விதியைப் படித்தார். பிறகு ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார்.

"மாமா," என்றாள் நட்டு. "நோட்டீஸைக் கிழிக்கக் கூடாது."

"நான் கிழிக்கலாம்," என்றார் நோட்டீஸ் மாமா. அதோடு, கையில் வைத்திருந்த புதுத் தாளையும் நான்காகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நட்டுவின் தலையில் ஒரு நொடி கையை வைத்துவிட்டுப் போனார். இந்த முறை வெளியே போன பிறகுதான் குடையை விரித்தார்.

*

சாயங்காலம் மழை வலுத்தது. அறை நேரத்தோடேயே இருட்டிவிட்டது. நட்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய டப்பா. நட்டு, போல்ட்டுகளுக்கு மேலே அந்தப் பழைய தகடு.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் ஓடியது. பதினைந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை. அரை மணி ஆயிற்று. டம்ளர்கள் விடாமல் பாடின.

"தொட்டி நிரம்பி வழியுது!" என்றது மாடிப்படி. "போதும்! கீழ யாராவது இருக்கீங்களா?"

மோட்டார் நின்றது.

"டொக்."

டம்ளர்கள் அமைதியாயின. சுவர் அமைதியாயிற்று. மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

நட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டிய ஆள் இல்லை. கட்டிலின் தலைமாட்டைப் பார்க்காமல் இருக்கத் தகட்டையே பார்த்தாள்.

அறை வாசலில் காலடி கேட்டது. அப்பா ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கதவைச் சாத்திட்டாரு," என்றார்.

நட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரண்டு வரிகளும் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கின்றன. தினமும் காலையிலும் சாயங்காலமும்.

அவள் டப்பாவின் மூடியைச் சாத்தினாள்.

"படுத்துக்கிட்டாரு," என்றாள்.